உடம்பே பிளஸ்: மொறிஸ் மைனருக்கு மின்விசிறி பூட்டிய கதை

அப்பாவின் மொறிஸ் மைனருக்கு வெப்பமானி இல்லை. நடுவில் பெரிய வட்ட வேகமானி, அதற்குள்ளேயே பெற்றோல் முள், சில சின்ன விளக்குகள், அவ்வளவுதான். எஞ்சின் கொதிக்கப்போகிறது என்பதை இந்தக் கார் முன்கூட்டிச் சொல்லாது. கொதித்த பிறகு பொனற் இடுக்கால் ஆவிவிட்டுச் சொல்லும். கடந்த ஆண்டு நல்லூர்ச் சப்பறத்தன்று மாலை அப்படித்தான் சொன்னது. வீதிகளை மறித்திருந்தார்கள். முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் ஒரு ஒழுங்கைக்குள் வரிசையாக வாகனங்கள். பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு மாமிமாரும் பட்டுச் சேலையோடு இருந்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் வெள்ளையாக எழும்பியதைப் பார்த்துச் சின்ன மாமி, "சாம்பிராணியோ தம்பி?" என்று கேட்டார்.

இது 1964ஆம் ஆண்டு வண்டி, 1098 சிசி எஞ்சின். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்யிலேயே ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. அதையெல்லாம் தாங்கியது ஒரு சப்பறத்தைத் தாங்கவில்லை என்பது அப்பாவுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாகத் தெரிந்தது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விசிறியைப் பற்றி யோசிக்கும் முன் ரேடியேற்றரைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். நான் இரண்டாம் வாரம்தான் கழற்றினேன். அடிக்குழாயைப் பிடுங்கியதும் துருச்சேறும், சுண்ணாம்புச் செதில்களுமாக வந்தன. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அதே நீரைத்தான் ஐம்பது வருடத்துக்கு மேலாக இந்த ரேடியேற்றருக்குள் வாளியால் ஊற்றியிருக்கிறோம். கழுவிப் பூட்டியதோடு நோயின் பாதி போயிற்று என்பது என் கணிப்பு. மீதிப் பாதி நின்ற இடத்தில் ஓடும்போது வருவது. எஞ்சினின் விசிறி பெல்ற்றால் சுழல்வதால், எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுழலும். ஓடும் காருக்கு எதிர்க்காற்று போதும். நிற்கும் காருக்குத் தனக்கென்று மோட்டார் வைத்த விசிறி வேண்டும்.

பாவித்த உதிரிப்பாகக் கடையொன்றில் சுசுக்கி அல்ற்றோவிலிருந்து கழற்றிய ரேடியேற்றர் விசிறி கிடைத்தது. கடைக்காரர் தன் பற்றரியில் தொட்டுக் காட்டினார், உறுமிக்கொண்டு சுழன்றது. வீட்டுக்குக் கொண்டுவந்து மீற்றரைத் தொடரில் போட்டு அளந்தபோது ஓட்டத்தில் 7.5 அம்பியர் எடுத்தது. புறப்படும் கணத்தில் இதைவிடப் பல மடங்கு எடுக்கும், அந்தப் பாய்ச்சலைச் சாதாரண மீற்றர் பிடிக்காது. மைனரின் ரேடியேற்றருக்கும் எஞ்சின் விசிறிக்கும் இடையில் கை நுழையத்தான் இடம் இருக்கிறது. ஆகவே முன்பக்கம், கிறிலுக்கும் ரேடியேற்றருக்கும் நடுவே பூட்ட வேண்டும் என்று முடிவானது.

தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. அல்ற்றோவில் இந்த விசிறி ரேடியேற்றருக்குப் பின்னால் இருந்து காற்றை இழுப்பது. அதையே முன்னால் வைத்தால், ரேடியேற்றருக்குள் தள்ள வேண்டிய காற்றை வீதிக்குத் தள்ளும். சரி, இதழைக் கழற்றித் திருப்பிப் பூட்டினால் காற்றும் திரும்பிவிடும் என்று நினைத்தேன். இதழின் நடுக்குடம் இரண்டு பக்கமும் பொருந்துகிற வகையாக இருந்ததும் என் துணிவுக்குக் காரணம். திருப்பிப் பூட்டிப் பற்றரியில் தொட்டேன். காற்று பழைய பக்கத்துக்கே வந்தது. முன்பைவிடச் சோர்வாகவும் வந்தது.

அரை மணித்தியாலம் அதைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தேன். பக்கத்து ஒழுங்கையில் கராஜ் வைத்திருக்கும் பெரியவர் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். படலையைத் திறந்துகொண்டு வந்து, தரையில் கிடந்த ஒரு போல்ற்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இது வலது மரையா, இடது மரையா?"

"வலது மரை."

போல்ற்றைத் தலைகீழாகப் பிடித்தார். "இப்போது?"

"இப்போதும் வலது மரைதான்."

"அப்படியென்றால் விசிறி இதழ் மட்டும் எப்படி மாறும்? யோசியும்."

இதழும் ஒரு மரைதான். எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அதன் முறுக்கு மாறாது. சுழற்சி மாறாதவரை காற்றின் திசையும் மாறாது. காற்றைத் திருப்ப வேண்டுமானால் மோட்டாரின் சுழற்சியைத் திருப்ப வேண்டும். இதழைத் திருப்புவது எதற்கென்றால், இதழின் குழிவு எப்போதும் காற்றைத் தள்ளும் பக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு. இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் விசிறி தன் முதுகால் காற்றைத் தள்ளும். நான் பார்த்த சோர்வு அதுதான். நிரந்தரக் காந்த மோட்டார் என்பதால் இரண்டு வயரையும் மாற்றிப் பிடித்தால் எதிர்த்திசையில் ஓடும். மாற்றிப் பிடித்தேன். முற்றத்துப் பலா இலைகள் எழும்பி ஓடின.

பெரியவர் இன்னொன்றும் சொன்னார், அதை நான் நிச்சயமாகத் தவறவிட்டிருப்பேன். இதழைப் பிடித்திருக்கும் நட்டின் மரை, விசிறியின் பழைய சுழற்சியில் தானாக இறுகும்படி வெட்டப்பட்டிருக்கும். சுழற்சியைத் திருப்பினால் அதே நட்டுத் தானாகக் கழலும். மரைப்பசை ஒரு துளி விட்டு இறுக்கினேன்.

பூட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டை இரும்பில் நான்கு கால், ரேடியேற்றரின் பக்கச் சட்டத்தில் போல்ற், இடையில் சைக்கிள் ரியூப்பை வெட்டி மெத்தை. ரேடியேற்றரின் தகடுகளுக்குள் பிளாஸ்ரிக் பட்டியை நுழைத்துக் கட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அது அதிர்ந்து அதிர்ந்து ரேடியேற்றரையே அறுக்கும், வேண்டாம்.

இனி வயரிங்.

உடம்பு என்பது காரின் இரும்புச் சட்டம்; மின்சாரம் திரும்பிப் போகும் வழியும் அதுதான். இந்தக் காரில் உடம்பு பிளஸ். பற்றரியின் பிளஸ் முனை சசியோடு போயிருக்கிறது. வயர்களில் ஓடுவது மைனஸ். அறுபதுகளின் பிற்பகுதி வரை பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வந்தன. இன்றைக்குக் கடையில் வாங்கும் எந்தப் பொருளும் உடம்பு மைனஸ் என்று நினைத்துக்கொண்டுதான் செய்யப்பட்டிருக்கிறது. மச்சானின் தொலைபேசி சார்ஜர் இந்தக் காரில் போன வருடமே உயிர்விட்டது. யூஎஸ்பி முனையின் உலோகக் கூடு மைனஸ். அது டாஷ்போர்டின் தகரத்தில் முட்டியது, முட்டிய தகரம் பிளஸ்.

விசிறியில் சிவப்பு வயர் ஒன்று, கறுப்பு வயர் ஒன்று. பழக்கத்தில் சிவப்பைக் காரின் மின் வயருக்கும் கறுப்பை உடம்புக்கும் கொடுத்தேன். கொடுத்து முடிந்த பிறகுதான் உறைத்தது, சிவப்புக்குப் போயிருப்பது மைனஸ். கழற்றப் போனவன் கையை நிறுத்திக்கொண்டேன். எனக்கு வேண்டியதே எதிர்ச்சுழற்சிதானே! மொறிஸ் ஒரு பக்கம் திருப்பி வைத்திருக்க, நான் இன்னொரு பக்கம் திருப்பிப் பூட்டியிருக்க, இரண்டும் சேர்ந்து நேராகிவிட்டது. கிறிலுக்கு முன்னால் பழைய பத்திரிகைத் தாளைப் பிடித்தேன், இழுத்து ஒட்டிக்கொண்டது. தற்செயலாகக் கிடைத்த வெற்றியை அப்பாவிடம் திட்டமிட்டதாகவே சொல்லியிருக்கிறேன். அவர் இதை வாசிக்க மாட்டார்.

வயர் வாங்குவதில் ஒரு சொல். வன்பொருள் கடையில் கேட்டால் வீட்டு வயரிங்குக்குப் போடும் 7/0.67ஐ எடுத்துத் தருவார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர், அளவில் குறையில்லை. ஆனால் அதற்குள் இருப்பது ஏழு தடித்த கம்பிகள். எஞ்சின் அதிர்வில், வயர் நுனியில் பூட்டும் லக்கின் கழுத்தில் ஒவ்வொன்றாக முறியும். அதே பருமனில் மெல்லிய இழைகள் நிறைந்த வாகன வயர்தான் வேண்டும். நகரத்தில் ஓட்டோ உதிரிப்பாகக் கடைகளில் யார்க்கணக்கில் வெட்டித் தருகிறார்கள்.

மைனரின் பியூஸ் பெட்டியில் இரண்டே இரண்டு கண்ணாடிப் பியூஸ்கள். ஏ1–ஏ2 எப்போதும் உயிரோடு இருப்பது; ஏ3–ஏ4 திறப்பைத் திருப்பினால் மட்டும். இரண்டிலும் 35 அம்பியர் என்று எழுதியிருக்கும். அதை நம்பி மயங்கக் கூடாது. இந்த மின்பாகங்களைச் செய்த லூக்கஸ் கம்பனியின் கணக்கில் 35 என்பது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17. எங்கள் பெட்டியில் அந்தக் கவலையும் இருக்கவில்லை. ஒரு பியூஸின் மேல் சிகரெட் பெட்டித் தாள் சுற்றியிருந்தது. எந்த ஆண்டு எந்த அவசரத்தில் சுற்றினார்கள் என்று தெரியாது, அப்பாவும் வானத்தைப் பார்த்தார்.

விசிறிக்கு ரிலே வைத்தேன்: உள்ளே உள்ள சுருளுக்குச் சின்ன மின்சாரம் கொடுத்தால் பெரிய மின்சாரத்துக்கு வழிவிடும் சுவிட்ச். அதன் முனைகளுக்கு எண்கள் உண்டு: 30இல் மின் வரவு, 87இல் விசிறி, 85க்கும் 86க்கும் நடுவே சுருள். வரவு, சுருள் இரண்டையும் ஏ4 பச்சை வயரிலிருந்தே எடுத்தேன். கிட்ட இருந்தது, சோம்பல். சோதனைக்காக 85இலிருந்து ஒரு சாதாரண சுவிட்ச், சுவிட்சிலிருந்து உடம்பு. எஞ்சினை ஓடவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். விசிறி அசையவில்லை. எஞ்சின் எதுவும் நடவாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோல் முள் மட்டும் பொத்தென்று பூச்சியத்துக்கு விழுந்தது.

முள் விழுந்தால் ஏ4 செத்துவிட்டது என்று அர்த்தம். பற்றவைப்புச் சுருள் பியூஸைத் தொடாமல் வெள்ளை வயரில் போவதால் எஞ்சினுக்குக் கேடில்லை. புதுப் பியூஸ் போட்டேன், அதுவும் போயிற்று. ரிலேயைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பக்கத்தில் அச்சிட்டிருந்த சின்னப் படத்தில் சுருளுக்குக் குறுக்கே ஓர் அம்புக்குறியும் கோடும் தெரிந்தன. டயோட். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் இதை, சுருளை நிறுத்தும்போது எழும் திடீர் மின்னழுத்தத்தைத் தணிக்கச் சில ரிலேக்களுக்குள் வைக்கிறார்கள். 86 பிளஸ், 85 மைனஸ் என்று இருந்தால் அது வழிமறித்துக்கொண்டு சும்மா இருக்கும். என் காரில் 86க்கு மைனஸ் போயிற்று. டயோட் வாசலை அகலத் திறந்துவிட்டது. ஏ4இலிருந்து உடம்புக்கு நேர்வழி.

85ஐயும் 86ஐயும் மாற்றிப் போட்டாலே போதும். இரண்டு பியூஸை விழுங்கிய டயோட் இனி ஒழுங்காக இருக்குமா என்ற சந்தேகத்தில் அந்த ரிலேயைக் கைவிட்டேன். டயோட் இல்லாத வெறும் சுருள் ரிலே ஒன்று வாங்கினேன். எந்தப் பக்கம் கொடுத்தாலும் அதற்குக் கவலையில்லை. பழைய காருக்கு வாங்குகிறவர்கள் பெட்டியின் மேல் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

விசிறி ஓடியது. மகிழ்ச்சியோடு திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன். எஞ்சின் நிற்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் இருமிக்கொண்டு ஓடி, பிறகுதான் ஓய்ந்தது. மறுபடியும் செய்து பார்த்தேன், அதே கதை. விசிறி ஓடாத நேரம் நிறுத்தினால் உடனே நின்றது.

இதை நானே கண்டுபிடித்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன். மின்சாரம் நின்ற பிறகும் விசிறி தன் வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. நிரந்தரக் காந்த மோட்டாரை யாராவது சுழற்றினால் அது டைனமோ. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. இதை யாரும் நமக்குப் படிப்பிக்க வேண்டியதில்லை. என் விசிறி அந்தச் சைக்கிள் டைனமோவின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது தந்த மின்சாரம் ரிலே வழியாக ஏ4க்கு வந்து, ரிலேயின் சுருளைத் தானே பிடித்துவைத்துக்கொண்டு, பியூஸைத் தாண்டி ஏ3க்குப் போய், அங்கிருந்து வெள்ளை வயரில் பற்றவைப்புச் சுருளுக்குப் போயிற்று. திறப்பைக் கையில் எடுத்த பிறகும் கார் ஓடியது அதனால்தான்.

வரவை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டும். எஞ்சின் சுழற்றும் டைனமோவின் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் பெட்டியிலும் ஏ1 என்று ஒரு முனை இருக்கிறது. பழுப்பில் நீலக்கோடு போட்ட வயர். பியூஸ் பெட்டியின் ஏ1ஓடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், லூக்கஸ்காரருக்குப் பெயர்ப் பஞ்சம். நேரே பற்றரியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் ரெகுலேற்றரின் ஏ1இலிருந்து எடுத்தால்தான் அந்தச் சுமையை ரெகுலேற்றர் உணர்ந்து டைனமோவை அளவுக்கு மீறி வேலை வாங்காமல் காக்கும். அங்கிருந்து 15 அம்பியர்ப் பியூஸ் ஒன்று, பிறகு ரிலேயின் 30. சுருள் மட்டும் ஏ4இல். இப்போது திறப்பைத் திருப்பினால் சுருள் விடும், விசிறி தன் பாட்டில் ஓய்ந்து நிற்கும், எஞ்சினும் உடனே நிற்கும்.

கைச் சுவிட்சுக்குப் பதில் வெப்ப சுவிட்ச் வைப்பது கடைசி வேலை. 92 பாகை செல்சியஸில் மூடி, 87இல் திறக்கிற வகை. மைனரின் ரேடியேற்றரில் இதற்குத் துளை இல்லை. மேல் றப்பர்க் குழாயை வெட்டி நடுவில் ஒரு பித்தளைத் துண்டைச் செருகி அதில் பூட்ட வேண்டும். லேத் பட்டறையில் 22 மில்லிமீற்றர் மரையோடு கடைந்து தந்தார்கள், அழகான வேலை. பூட்டி, ஊற்றி, ஓடவிட்டேன். மேல்குழாயில் கை வைக்க முடியாத சூடு. விசிறி அமைதியாக இருந்தது. அந்த சுவிட்சுக்கு ஒரே முனை; மற்ற முனை அதன் உடம்பு. அதன் உடம்பு பித்தளையில் இருக்கிறது, பித்தளையோ இரண்டு பக்கமும் றப்பருக்கு நடுவே அந்தரத்தில் தொங்குகிறது. காரின் உடம்போடு தொடர்பு, அதாவது எர்த், எங்கிருந்து வரும்? பித்தளையைச் சுற்றி ஒரு கிளிப் போட்டு, அதிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கறுப்பு வயர் இழுத்ததும் ரிலே "டிக்" என்றது.

பெரியவர் மறுபடியும் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "விசிறி சரி தம்பி. மின்சாரம் எங்கிருந்து வரும்?"

அதுதான் எனக்கும் இருந்த பயம். இந்த டைனமோ உச்ச வேகத்தில் 22 அம்பியர் தரும். இரவில் பெரிய விளக்கும் பின்விளக்குகளும் சேர்ந்து ஏறக்குறைய 9, பற்றவைப்புக்கு 3.5, விசிறிக்கு 7.5. கூட்டினால் 20. வைப்பரையும் போட்டால் முடிந்தது. இது ஓடும்போது. நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடினால் டைனமோ ஒன்றும் தராது. டைனமோவைப் பற்றரியோடு இணைக்கும் கட்அவுட் விலகிவிடும், பற்றரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு எரியும். விசிறி தேவைப்படுவதோ அந்த நேரத்தில்தான். ஆக, இந்தக் காரில் மின்விசிறி என்றால் பற்றரியைத் தின்னும் விசிறி.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. பகலில் விசிறியும் பற்றவைப்பும் 11 அம்பியர். ஒரு மணித்தியாலம் விடாமல் ஓடினாலும் 11 அம்பியர்-மணி; எங்கள் பற்றரி 45. விசிறியோ விட்டுவிட்டுத்தான் ஓடுகிறது. முற்றத்தில் நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்து ஓடவிட்டேன். பற்றரி 12.6 வோல்ற்றிலிருந்து 12.1க்கு இறங்கியது. நண்பகல் வெயிலில், கொதிக்கவில்லை. இரவில் திருவிழா நெரிசலில் நிற்கும்போது பெரிய விளக்கை அணைத்துவிட்டால் அதே கணக்குத்தான். எஞ்சினின் சொந்த விசிறியையும் கழற்றவில்லை. கழற்றினால் எஞ்சின் இலேசாகும் என்று ஒருவர் சொன்னார். பெல்ற் இருக்கும்வரை சுழலும் ஒன்றை ஏன் இழக்க வேண்டும்?

பெரியவரின் தீர்வு வேறு. டைனமோவைத் தூக்கிவிட்டு, எஞ்சின் மெதுவாக ஓடும்போதும் மின்சாரம் தரும் ஓல்ற்றனேற்றர் போடு, அதோடு உடம்பையும் மைனஸாக்கு என்றார். அவர் சொல்வது சரி. உடம்பை மாற்றுவது மட்டும் என்றால் டைனமோவோடும் செய்யலாம், பெரிய வேலையுமில்லை: பற்றரியைத் திருப்பி வைத்து, முனைகளின் பருமன் வேறு என்பதால் கிளிப்புகளை மாற்றி, டைனமோவின் காந்தச் சுருளுக்குப் போகும் எஃப் முனையில் மின்சாரத்தைக் கணநேரம் தொட்டுக் காந்தத்தைத் திருப்பி, பற்றவைப்புச் சுருளின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் முடிந்தது. ஆனால் அப்படிச் செய்த மறுகணம் என் விசிறி வீதிக்குக் காற்று வீசத் தொடங்கும். மறுபடியும் விசிறியின் இரண்டு வயரையும் இடம் மாற்ற வேண்டும். இப்போதைக்கு வேண்டாம் என்றேன். "உம்முடைய இஷ்டம்" என்றார், பனங்கட்டியைக் கடித்துத் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

பொனற்றின் உட்பக்கத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதி வைத்திருக்கிறேன்: "உடம்பு பிளஸ். விசிறியின் சிவப்பு வயர் மைனஸ். தெரிந்துதான் செய்தது." எனக்குப் பிறகு இந்தக் காரைத் திறப்பவர் என்னைத் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் "திருத்தி"விடக் கூடாது அல்லவா.

இந்த ஆண்டு முதல் ஓட்டம் கொக்குவில் ரயில் கடவையில் நின்றது. கடவை மூடியிருந்தது, ரயிலைக் காணவில்லை. நான்காவது நிமிடம் முன்னால் "டிக்" என்று ஒரு சத்தம், பிறகு மெல்லிய இரைச்சல். பின்னால் இருந்த சின்ன மாமி முன்னுக்குச் சாய்ந்து, "தம்பி, கார் ஏதோ முணுமுணுக்கிறது" என்றார். சிவப்பு விளக்கும் கூடவே எரிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்காதபடி என் முழங்கையை ஸ்ரியரிங்கின் மேல் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.